மூன்றடி நடனம்: வால்ட்ஸின் வரலாறும் அடிமுறையும்

நம் பங்கில் இரயில்வேக் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுள் ஆங்கிலோ-இந்தியர் வீட்டுத் திருமணங்களில், கோவிலில் பூசை முடிந்து, வரவேற்பில் கேக் வெட்டி, வாழ்த்துரை கூறி அமர்ந்த பின், மணமக்கள் இருவர் மட்டும் மண்டபத்தின் நடுவே இறங்கி ஆடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த ஆட்டத்துக்கு வால்ட்ஸ் என்று பெயர். பார்த்திருப்போரில் சிலர் புன்னகை செய்வர்; சிலர் முகத்தைத் திருப்பிக் கொண்டு பிரியாணி எப்போது வரும் என்று விசாரிப்பர். யூபிலி மலரில் நடனத்துக்கு என்ன வேலை என்று கேட்போரும் இருக்கக்கூடும். கேட்கட்டும். ஒரே கோவிலில் தலைமுறை தலைமுறையாக அருகருகே முழந்தாளிட்டவர்களில் ஒரு சாராரின் மகிழ்ச்சி மற்ற சாராருக்கு இன்னும் புதிராகவே இருப்பது நல்லதன்று. அதிலும், அந்த மகிழ்ச்சியை விளக்கிச் சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். ஆகவே இந்த நடனம் எங்கே பிறந்தது, எவ்வாறு பழிக்கப்பட்டது, அதன் அடிகள் யாவை என்பதைச் சற்று விரிவாகவே எழுதி வைக்க விரும்புகிறோம்.

வால்ட்ஸ் என்னும் சொல் ஜெர்மன் மொழிச் சொல். சுழலுதல், உருளுதல் என்பது அதன் வேர்ப்பொருள். ஆஸ்திரியா, பவேரியா நாடுகளின் மலையூர்களில் குடியானவர்கள் ஆடிவந்த 'லாந்லர்' என்ற சுழல் நடனமே இதற்குத் தாய் என்பர். ஆணி அடித்த கனத்த காலணிகளோடு, வைக்கோல் கிடக்கும் களத்தில், ஆணும் பெண்ணும் கை கோத்துச் சுழன்று ஆடிய ஆட்டம் அது. அதே காலத்தில் அரண்மனைகளில் ஆடப்பட்டது 'மினுவெட்' என்ற நடனம். அதற்கும் மூன்று எண்ணிக்கைத் தாளந்தான். ஆனால் அதில் துணைவர்கள் விரல் நுனியை மட்டும் தொட்டுக் கொள்வர். சிற்றடி வைத்து, சபையோரைப் பார்த்துத் தலை தாழ்த்தி, விலகி, மீண்டும் கூடுவர். அரசர் முன்னிலையில் பிரபுக்கள் தங்களைக் காட்டிக் கொள்ளும் ஆட்டம் என்றே அதைச் சொல்ல வேண்டும். குடியானவன் ஆட்டத்திலோ பார்ப்பவருக்கு இடமில்லை. ஆடுகிறவர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டால்தான் சுழல முடியும். இந்த ஒரு வேற்றுமையே பின்னால் வந்த சச்சரவு அனைத்துக்கும் காரணமாயிற்று.

மலையூரிலிருந்து நகருக்கு இறங்கிய இந்த ஆட்டம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகள் எங்கும் பரவிற்று. 1774-இல் வெளியான கோத்தேயின் 'வெர்தர்' நாவலில் கதாநாயகனும் நாயகியும் வால்ட்ஸ் ஆடுகிறார்கள். மொசார்ட்டின் இசை நாடகங்களில் பாடிய மைக்கேல் கெல்லி என்ற அயர்லாந்துப் பாடகர் தம் நினைவுக் குறிப்புகளில் வியன்னா நகரத்துப் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இரவு பத்து மணி தொடங்கிக் காலை ஏழு மணி வரை அவர்கள் சுழன்றார்களாம். பேறுகாலம் நெருங்கிய பெண்களும் நடனத்தை விட மனமில்லாமல் வந்ததால், அவர்களுக்கென்று மண்டபத்தின் அருகே தனி அறை ஏற்பாடு செய்திருந்தார்களாம்! பாடகர் சற்று மிகைப்படுத்தினாரோ என்னவோ, வியன்னாவின் நடன வெறிக்கு அது ஒரு சாட்சி.

1814-ஆம் ஆண்டு செப்டம்பரில் நெப்போலியனை வீழ்த்திய நாடுகளின் பேரரசர்களும் அமைச்சர்களும் ஐரோப்பாவின் எல்லைகளை மீண்டும் வரைவதற்காக வியன்னாவில் கூடினர். 1815 ஜூன் வரை நீடித்த அந்த மாநாட்டில் பகலில் பேச்சு, இரவில் வால்ட்ஸ். மாநாடு நடக்கவில்லை, நடனமாடுகிறது என்ற பொருளில் முதியவரான லீன்யே இளவரசர் கூறியதாக ஒரு கேலிமொழி இன்றும் வழங்குகிறது. அவர் மாநாடு முடியும் முன்பே, அந்த டிசம்பரிலேயே காலமானார். ஆனால் மாநாட்டுக்கு வந்தவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பியபோது ஒப்பந்தங்களோடு இந்த நடனத்தையும் எடுத்துச் சென்றார்கள்.

இங்கிலாந்தில் வால்ட்ஸுக்குக் கிடைத்த வரவேற்பு ஒரு தனி அத்தியாயம். கவிஞர் பைரன் 1812-இல் இதைக் கிண்டல் செய்து ஒரு நெடும் பாட்டே எழுதி, மறுவருடம் புனைபெயரில் வெளியிட்டார். காலில் ஊனம் இருந்ததால் நடனம் ஆட இயலாதவர் அவர் என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்வது நியாயம். 1816 ஜூலையில் இளவரசர் அரண்மனை விருந்தில் வால்ட்ஸ் ஆடப்பட்டதும், லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை, இது அந்நிய நாட்டு அநாகரிக ஆட்டம், பெற்றோர் தம் பெண்களை இதற்கு அனுப்பலாகாது என்று கடுமையாக எழுதிற்று. வேடிக்கை என்னவென்றால், அதே 1816-இல் தாமஸ் வில்சன் என்ற நடன ஆசிரியர் வால்ட்ஸ் ஆடும் சரியான முறையை விளக்கி லண்டனில் ஒரு நூலே வெளியிட்டுவிட்டார். இது உடலுக்கு நல்லது, நல்லொழுக்கத்துக்குப் பகையன்று என்பது அவர் வாதம். ஒரு பக்கம் பத்திரிகை தடுக்கிறது, மறு பக்கம் ஆசிரியர் பாடம் நடத்துகிறார். உலக வழக்கம் எப்போதும் இப்படித்தான் போலும்!

திருச்சபையின் மேய்ப்பர்களும் இதைப் பற்றிப் பேசாமல் இருக்கவில்லை. வால்ட்ஸ் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, 1609-இல் வெளிவந்த தம் பக்தி நூலில் புனித பிரான்சிஸ் சலேசியார் நடனத்தைக் காளானுக்கு ஒப்பிட்டார். எவ்வளவு நல்ல காளானானாலும் அதில் பெரிய சத்து இல்லை என்பது அவர் கருத்து. ஆயினும் அவர் முற்றாக விலக்கிவிடவில்லை. நடனம் தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. பொழுதுபோக்குக்காக, எப்போதாவது, கொஞ்சமாக ஆடினால் குற்றமில்லை என்று வழிவிட்டார். 1866-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கூடிய ஆயர்கள் தங்கள் சுற்றுமடலில் நாகரிக நடனங்களை வன்மையாகக் கண்டித்தனர். அங்கும் ஒரு சொற்றொடர் நம் கவனத்துக்குரியது: 'இப்போது ஆடப்படும் முறையில்' என்று அவர்கள் வரம்பு கட்டித்தான் கண்டித்தார்கள். ஆட்டத்தை அன்று, ஆடும் விதத்தைத்தான் ஆயர்கள் குறை கூறினர் என்றே நாம் அதைப் படிக்கிறோம். இதற்கு மாறாகப் படிப்போரும் நம்மிடையே உண்டு. அவர்களோடு வாதாட இங்கு இடம் போதாது.

கத்தோலிக்க நகரமான வியன்னாவிலோ, நடனம் திருவழிபாட்டு ஆண்டோடு பின்னிக் கிடக்கிறது. மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பின் விபூதிப் புதன் வரையுள்ள வாரங்களே அங்கு நடனப் பருவம். தவக்காலம் பிறந்ததும் மண்டபங்கள் ஓய்ந்து விடுவது பழைய வழக்கம். புகழ்பெற்ற ஓபரா நடன விழா விபூதிப் புதனுக்கு முந்திய வியாழக்கிழமையில் நடைபெறுகிறது. வெள்ளை அங்கி அணிந்த கன்னிப் பெண்களும் கறுப்பு உடை அணிந்த இளைஞர்களும் ஜோடி ஜோடியாக அணிவகுத்து வந்து, இடப்பக்கமாகச் சுழலும் வால்ட்ஸை ஆடி விழாவைத் தொடங்கி வைப்பர். அதன் பின்பு 'எல்லோரும் வால்ட்ஸ்!' என்று அறிவிப்பு எழும். கூட்டம் முழுவதும் தளத்தில் இறங்கும். ஆஸ்திரிய நாட்டில் பங்குக் கோவில்களே இந்தப் பருவத்தில் பங்கு மக்களுக்கு நடன விழா நடத்துவதும் உண்டு என்று சொன்னால், நம்மில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யோசப் லானர், மூத்த யோஹான் ஸ்ட்ராஸ் என்ற இருவர் வால்ட்ஸ் இசைக்கு உருவம் கொடுத்தனர். மகன் இசைக்கலைஞன் ஆகக் கூடாது என்று தடுத்தார் மூத்த ஸ்ட்ராஸ். மகன் யோஹான் மறைவாகவே வயலின் கற்று, 1844 அக்டோபர் 15 அன்று, பதினெட்டு வயதில், தம் சொந்த வாத்தியக் குழுவோடு மேடையேறினார். அவர் இயற்றிய 'நீல டான்யூப்' 1867 பிப்ரவரி 15 அன்று ஆண்கள் பாடற் குழு ஒன்றால் முதன்முதல் பாடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுதான் ஆஸ்திரியா பிரஷியாவிடம் போரில் தோற்றிருந்தது. மனம் சோர்ந்திருந்த நகரத்துக்கு அந்தப் பாட்டு வந்தது. அதே ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் வாத்திய இசையாக ஒலித்த பிறகே அது உலகப் புகழ் பெற்றது. பேரிசையாளர் பிராம்ஸ், ஸ்ட்ராஸ் குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் விசிறியில் இந்த மெட்டின் முதல் சுரங்களை எழுதி, 'துரதிர்ஷ்டவசமாக இது என்னுடையதன்று' என்ற பொருள்பட ஒப்பமிட்டுக் கொடுத்தாராம்.

மூன்றின் தாளம் நமக்கு ஒன்றும் அந்நியமன்று. ரூபக தாளத்தை இரண்டு தட்டு, ஒரு வீச்சு என்று நம் பிள்ளைகள் தொடையில் போடுகிறார்களே, அது மூன்று எண்ணிக்கைதான். முத்துசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் கோட்டை பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். நோட்டுசுரம் என்று அவற்றைச் சொல்வர். அவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டில், மூன்று எண்ணிக்கையில் அமைந்தது. ஆகவே தாளம் வராது என்று யாரும் தயங்க வேண்டாம். வால்ட்ஸில் முதல் எண்ணிக்கை கனமாக விழும், மற்ற இரண்டும் இலேசாக வரும். காது அந்தக் கனத்தைப் பிடித்துக் கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது நம் மண்டபங்களில் காண்பது வியன்னாவின் வேகமான வால்ட்ஸ் அன்று. வியன்னா வால்ட்ஸில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 தாள வட்டம். வட்டத்துக்கு மூன்றடி வீதம் 180 அடி. மூச்சு வாங்கும். நம்மவர் ஆடுவது அதில் பாதி வேகத்தில், நிமிடத்துக்கு 28 முதல் 30 வட்டம் வரை செல்லும் மெதுவான வால்ட்ஸ். அமெரிக்காவில் 'பாஸ்டன்' என்ற பெயரில் தோன்றிய மெல்லாட்டத்திலிருந்து, முதல் உலகப் போருக்குப் பின் லண்டன் நடன ஆசிரியர்கள் இதை வகுத்தனர். போருக்குப் பின் ஜாஸ் இசை புகுந்து, ஆளுக்கொரு விதமாக ஆடத் தொடங்கிய காலம் அது. 1920-இலும் அடுத்த ஆண்டிலும் ஆசிரியர்கள் மாநாடு கூட்டி அடிகளை ஒழுங்கு செய்தார்கள். 1922-இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியில் பிலிஸ் கிளார்க்கோடு ஆடி வென்ற விக்டர் சில்வெஸ்டர் என்பவர் வெம்பிளி ஊர் ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவரின் மகன். குருமனையில் வளர்ந்தவர்தான் உலகத்துக்கு நடனம் கற்பித்தார் என்பது கவனிக்கத்தக்கது. 1927-இல் நடனப் பாடநூல் எழுதினார். இசைத்தட்டுகளின் தாளம் கூடியும் குறைந்தும் வந்து ஆடுவோரைத் தடுமாற வைக்கிறது என்று கண்டு, 1935-இல் தாமே வாத்தியக் குழு அமைத்து, அணுவளவும் பிசகாத தாளத்தில் இசைத்தட்டு வெளியிட்டார். ஆசிரியர் இல்லாத ஊரில் அந்த இசைத்தட்டே ஆசிரியராக அமைந்தது.

இனி அடிமுறைக்கு வருவோம். முதலில் நிற்கும் விதம். ஆண் தன் இடது கையால் பெண்ணின் வலது கையைக் கண் மட்டத்துக்குச் சற்றுத் தாழப் பிடிக்கிறான். அவனுடைய வலது கை அவளுடைய இடது தோள்பட்டை எலும்பின் கீழே, முதுகில் பட்டும் படாமலும் அமைகிறது. இடுப்பில் அன்று என்பதை இளைஞர்கள் கவனிக்க. பெண்ணின் இடது கை அவனுடைய வலது மேற்கையின் மீது இருக்கும். இருவர் முழங்கையும் தொங்காமல் உயர்ந்திருக்க வேண்டும். கண் பாதத்தைப் பார்க்கக் கூடாது. இதுதான் கற்பவருக்கு மிகவும் கடினம்.

தரையில் ஒரு சதுரம் இருப்பதாக எண்ணிக் கொள்க. நான்கு புள்ளிக் கோலம் போல. ஆண், 'ஒன்று' என்கையில் இடது காலை முன்னே வைக்கிறான். 'இரண்டு' என்கையில் வலது காலை வலப்பக்கம் எடுத்து வைக்கிறான். 'மூன்று' என்கையில் இடது காலை வலது காலோடு சேர்க்கிறான். சதுரத்தில் பாதி முடிந்தது. மீண்டும் 'ஒன்று' என்கையில் வலது கால் பின்னே. 'இரண்டு' என்கையில் இடது கால் இடப்பக்கம். 'மூன்று' என்கையில் வலது கால் வந்து சேரும். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டான். பெண்ணுக்கு இதன் மறுபாதி: அவன் முன்னே வரும்போது அவள் வலது காலைப் பின்னே வைப்பாள், அவன் பின்னே போகும்போது அவள் இடது காலை முன்னே வைப்பாள். ஆறு அடிகள், அவ்வளவே.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மூன்று ஒற்றைப்படை எண்ணாதலால், ஒவ்வொரு வட்டமும் வேறு காலில் தொடங்கும். ஒரு முறை இடது, மறு முறை வலது. சேர்க்கும் அடியில் உடல் பாரத்தை முழுவதும் அந்தக் காலுக்கு மாற்றாமல், சும்மா தொட்டு நிறுத்துகிறவர்களுக்கு அடுத்த வட்டம் தவறான காலில் தொடங்கும். துணையின் காலை மிதிப்பது அங்கேதான். பழைய ஆசிரியைகள் மாணவரை மூன்றாம் எண்ணிக்கையில் நிறுத்தி, 'எந்தக் கால் காலியாக இருக்கிறது?' என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிந்தவனுக்கே அடுத்த பாடம்.

அடுத்த பாடம் எழுச்சியும் தாழ்ச்சியும். முதல் அடியை முன்னே வைக்கையில் குதிகால் முதலில் ஊன்றும், முழங்கால் சற்றுத் தளர்ந்திருக்கும். அந்த அடியின் முடிவில் உடல் எழும்பத் தொடங்கும். இரண்டிலும் மூன்றிலும் முன்பாதத்தில் நிற்க, மூன்றின் கடைசியில் குதிகால் மெல்ல இறங்கும். ஊஞ்சல் போல் இந்த அசைவு வந்துவிட்டால், பார்ப்பவருக்கு அது நடை என்று தோன்றாது.

சதுரம் பழகிய பின், ஒவ்வொரு மூன்றடிக்கும் கால் வட்டம் இடப்பக்கம் திரும்பினால் நான்கு முறையில் முழு வட்டம் ஆகிவிடும். நெரிசலான கலியாண மண்டபத்துக்கு இதுவே போதும். பெரிய தளத்தில் ஆடுவோர் சதுரத்தை விட்டு, மண்டபத்தைச் சுற்றி நகர்வர். எல்லா ஜோடிகளும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையிலேயே செல்ல வேண்டும் என்பது விதி. வலச் சுழற்சிக்கு வலது காலில் தொடங்கி ஆறடியில் முக்கால் வட்டம் திரும்புவர். இடச் சுழற்சி இடது காலில் தொடங்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற, நடுவே திரும்பாமல் முன்னே, பக்கம், சேர்ப்பு என்று ஒரே ஒரு மூன்றடி இடுவர். காலை மாற்றிக் கொள்வதற்கு அது வழி.

முன்னே வருகிறவன் வழிகாட்டுகிறான், பின்னே செல்கிறவள் நம்பிச் செல்கிறாள் என்று சிலர் இதற்கு உரை சொல்வர். நாம் விசாரித்த வரையில், அனுபவமுள்ள ஆண்ட்டிகள் இதை ஒப்புவதில்லை. தனக்குப் பின்னால் கண் இல்லாத துணையை மற்ற ஜோடிகளின் மேல் மோதாமல் கொண்டு செல்வது ஆணின் கடமை. வழிகாட்டுதல் என்பது அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்கிறார்கள். அதுவும் அடுத்த அரை வட்டத்தில் அவனே பின்னடி வைப்பவன், அவளே முன் பார்ப்பவள்.

நம் நாட்டில் இந்த நடனம் வேரூன்றிய இடம் இரயில்வே இன்ஸ்டிட்யூட். பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர், பொன்மலை என்று இரயில் வேலை எங்கெங்கு நடந்ததோ அங்கெல்லாம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் குடியிருந்தன. டிரைவர், கார்டு, ஃபோர்மன் வேலை பார்த்தவர்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஈஸ்டர் நாட்களில் இன்ஸ்டிட்யூட்டில் கூடுவர். தளம் வழுக்குவதற்காக மாலையிலேயே மெல்லிய சுண்ணத்தூள் தூவி வைப்பர். சுவரோரம் நாற்காலி வரிசை. தாய்மார் அங்கே அமர்ந்திருப்பர். இளைஞன் தாயாரின் அனுமதி பெற்று, பெண்ணை வணங்கி அழைத்து, ஆட்டம் முடிந்ததும் நாற்காலி வரை கொண்டுவந்து விட வேண்டும். சிறு பிள்ளைகள் தகப்பனாரின் பூட்ஸ் மேல் ஏறி நின்று, அவர் நடக்க நடக்கத் தாளம் கற்பார்கள். பையன்களுக்குச் சித்தியும் அக்காவும்தான் ஆசிரியைகள்.

1947-க்குப் பின் அந்தக் குடும்பங்களில் மிகப் பலர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று கப்பலேறினர். எஞ்சியவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது தமிழே வீட்டு மொழியாகி வருகிறது. வால்ட்ஸ் கலியாணத்துக்கு முந்திய வாரத்தில் அவசரமாகப் படிக்கும் பாடமாகிவிட்டது. சில ஆண்டுகளாக நம் பங்கில் தமிழ்க் குடும்பத்து மணமக்களும் வந்து கற்றுக் கொள்ள விரும்புகிறார்கள். கைபேசியில் படம் பார்த்துக் கற்கலாம்தான். ஆனால் கைபேசி 'எந்தக் கால் காலியாக இருக்கிறது?' என்று கேட்காது. கேட்கத் தெரிந்த இரண்டு மூன்று பேர் இன்னும் நம் பங்கில் இருக்கிறார்கள். முழங்கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைத்தடியால் தரையில் தாளம் தட்டிச் சொல்லிக் கொடுக்கத் தயாராகவும் இருக்கிறார்கள். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அவர்களைக் கோவில் வாசலிலேயே காணலாம்.

இன்ஸ்டிட்யூட் நாட்களின் ஒரு வழக்கத்தை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரவில் எத்தனை விதமான ஆட்டங்கள் நடந்தாலும் கடைசி ஆட்டம் வால்ட்ஸாகத்தான் இருக்கும். விளக்குகளைச் சற்று மங்க வைப்பர். அதுவரை யாரோடு ஆடியிருந்தாலும், அந்தக் கடைசி வால்ட்ஸை யாரோடு விழாவுக்கு வந்தாரோ அவரோடுதான் ஆட வேண்டும். ஆகவே பாண்டு வாத்தியக்காரர் மெட்டை மாற்றியதும் தளம் முழுவதும் ஒரு கணம் கலைந்து, கணவன்மார் மனைவியரைத் தேடிச் செல்வார்களாம்.